கலிங்கு காக்கும் கரை: சிறிய மண்ணணைகள் பற்றிய ஓர் அறிமுகம்

முன்னுரை

அணைக்கட்டு என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு கிள்ளான் கேட்ஸ் அணை, பத்து அணை போன்ற பெரிய அணைகளே நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் கவனிக்கப் பொது நிறுவனங்கள் உள்ளன, பொறியியலாளர்கள் உள்ளனர், நீர்மட்டம் நாள்தோறும் பதிவாகிறது. ஆனால் ஒரு சிற்றோடையின் குறுக்கே நான்கைந்து மீட்டர் உயரத்திற்கு மண்ணைக் கொட்டி, பின்னால் தேங்கும் நீரில் மீன் வளர்த்து, படகு விட்டு, கரையோரம் குடில்கள் அமைத்து, வார இறுதியில் மக்களை வரவழைக்கும் தனியார் மண்ணணைகளும் உலகெங்கும் உள்ளன. அவற்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவை சிறியவை என்பதாலேயே ஆபத்தற்றவை என்று எண்ணிவிடுகிறோம்.

நான் ரவாங்கில் வளர்ந்தவன். கட்டுமானப் பொறியியல் பயில்பவன். வகுப்பில் மண்ணணைகளைப் பற்றிப் படித்தபோது, அவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பழைய சொல் ஒன்று இருப்பதைக் கண்டு வியந்தேன். அந்தச் சொற்களின் துணையுடன், சிறிய மண்ணணை எப்படி நிற்கிறது, எப்படி உடைகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதன் மையக் கருத்து எளியது: மண்ணணையின் உறுதி அது தேக்கும் நீரில் இல்லை, மிகுந்த நீரை அது வெளியேற்றும் வழியில்தான் இருக்கிறது.

ரவாங்கும் தேங்கிய நீரும்

ரவாங்கின் வரலாறு ஈயத்தோடும் நீரோடும் பின்னிப் பிணைந்தது. 1894-ஆம் ஆண்டு லோக் இயூவும் நம் இனத் தலைவர் கா. தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி பொருத்தி, மின்சாரத்தால் நீரிறைக்கும் இயந்திரங்களை இயக்கினர். மலாயாவில் மின்சாரத்தின் கதை அங்குதான் தொடங்குகிறது. நீரை இறைப்பதும், தேக்குவதும், வாய்க்காலில் திருப்பி ஈய மணலைக் கழுவுவதும் அக்காலச் சுரங்கத் தொழிலின் அன்றாட வேலைகள். அத்தொழில் ஓய்ந்தபின் எஞ்சியவை நீர் நிறைந்த குட்டைகள். அவற்றுள் சில இன்று பொழுதுபோக்கு இடங்களாக உள்ளன. ரவாங்கை அடுத்த குண்டாங்கில் உள்ள தாசேக் பீரு இதற்கு நல்ல சான்று.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தோண்டிய குட்டை வேறு. கரை எழுப்பித் தேக்கிய ஏரி வேறு. தோண்டிய குட்டையில் நீர் பெரும்பாலும் தரைமட்டத்திற்குக் கீழே கிடக்கும். கரை எழுப்பிய ஏரியிலோ, கரைக்குக் கீழ்ப்புறம் வாழ்வோரின் தரையைவிட உயரத்தில் நீர் நிற்கும். கரையோரம் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி அமைதியான நீர்ப்பரப்புத்தான். கரையின் மறுபுறம் இறங்கிப் பார்த்தால்தான் வேறுபாடு புரியும்.

ரவாங்கிற்கு வடக்கே, அதே உலு சிலாங்கூர்ச் சாலையில், இதற்கு ஒரு வரலாற்றுப் பாடமும் உள்ளது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கோலகுபுவில் இருந்த பழைய மண்ணணை பெருமழையில் உடைந்தது. அணையின் கீழே இருந்த ஊர் அடித்துச் செல்லப்பட்டது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் ஊர் மக்கள் பலரும் மாண்டனர். அந்த அதிகாரி வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்ற கதை இன்றும் வழங்கி வருகிறது. காரணம் தெரியாத இடத்தில் கதை பிறப்பது இயல்பே. மண்ணணை உடைவதற்கான காரணங்களை இன்று நாம் நன்கு அறிவோம்.

மண்ணணையின் உறுப்புகள்

தமிழகத்தின் ஏரிகள் பலவும் மண்ணணைகளே. நம் முன்னோர் வளைந்து செல்லும் நீண்ட மண்கரைகளை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். அவர்கள் வழங்கிய சொற்கள் இன்றைய பொறியியலுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது கரை. நீரைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு இது. நல்ல கரையின் நடுவில் நீர் எளிதில் ஊடுருவாத களிமண் இருக்கும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, அளவான ஈரத்தில் ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காமலிருக்கக் கல் பாவுவார்கள். வெளிப்பக்கச் சரிவில் புல் வளர்ப்பார்கள்.

இரண்டாவது மதகு அல்லது தூம்பு. தேவையான நீரைத் திறந்துவிடும் வழி இது. பழைய ஏரிகளில் கரைக்கு உட்புறம், நீருக்குள்ளேயே அமைந்த குமிழித் தூம்பு என்னும் அமைப்பு இருந்தது. பழுது பார்க்க வேண்டுமானாலும், ஆபத்து நேரத்தில் நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டுமானாலும் மதகுதான் உதவும்.

மூன்றாவது கலிங்கு. ஏரி நிறைந்தபின் மிகுந்த நீர் தானாக வழிந்தோடும் இடம் இது. கரையின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாக, கல்லால் அல்லது கான்கிரீட்டால் கட்டப்பட்டிருக்கும். கலிங்கின் மட்டத்திற்கும் கரையின் உச்சிக்கும் இடையிலுள்ள உயரமே வெள்ளக் காலத்தில் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

மண் தண்ணீரைத் தாங்கும். தன்மேல் ஓடும் தண்ணீரைத் தாங்காது. கான்கிரீட் அணையின் மேல் சிறிது நேரம் நீர் வழிந்தாலும் அது நிற்கக்கூடும். மண்கரையின் மேல் நீர் வழிந்தால், வெளிச்சரிவின் மண் அரிக்கப்பட்டு, வெட்டு விழுந்து, அந்த வெட்டு உட்புறமாக நகர்ந்து, சில மணி நேரத்திலேயே கரை பிளந்துவிடும். ஆகவே மண்ணணைக்குக் கலிங்கு அழகுக்காகச் சேர்க்கும் உறுப்பன்று. அதன் உயிர்நாடி அது.

ஒரு சிறிய கணக்கு

இதை எண்களால் விளக்குவது எளிது. பின்வருவது எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த கணக்கு. எந்தக் குறிப்பிட்ட இடத்தையும் சுட்டுவதன்று.

மலையடிவாரத்தில் 1 ஹெக்டர் பரப்புள்ள ஏரி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சராசரி ஆழம் 3 மீட்டர். அப்படியானால் அதில் நிற்கும் நீர் 30,000 கன மீட்டர், அதாவது 30,000 டன். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் பன்னிரண்டை நிரப்பும் நீர் இது. சிறிய ஏரி என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த ஏரிக்கு நீர் தரும் மலைச்சரிவின் பரப்பு 50 ஹெக்டர் என்போம். ஒரு மாலையில் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் நாட்டின் கடும் இடிமழைக்கு இது நம்ப முடியாத அளவன்று. விழுந்த மழை 50,000 கன மீட்டர். அதில் பாதி மண்ணில் இறங்கிவிட்டாலும், மீதிப் பாதியான 25,000 கன மீட்டர் ஏரிக்கு வந்து சேரும். வெளியேற வழியே இல்லையென்றால் ஏரியின் மட்டம் இரண்டரை மீட்டர் உயர வேண்டும்!

இந்த நீரை வந்த வேகத்திலேயே வெளியேற்ற வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 3.5 கன மீட்டர் வெளியேற வேண்டும். பல சிறு குளங்களில் கலிங்குக்குப் பதிலாக 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றைப் புதைத்திருப்பார்கள். அதன் வழியே நொடிக்குச் சுமார் 0.2 கன மீட்டர்தான் செல்லும். அப்படிப்பட்ட குழாய்கள் பதினெட்டு தேவை. ஒன்று போதாது, அதுவும் இலை தழை அடைத்துக்கொண்டால் ஒன்றும் இல்லை.

அதே இடத்தில் 6 மீட்டர் அகலமுள்ள கலிங்கு இருந்தால், நீர் அதன்மேல் சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் வழிந்து சென்றுவிடும். கரையின் உச்சி கலிங்கைவிட 60 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் கரை தப்பிக்கும். ஆனால் மீன்கள் தப்பிவிடாமலிருக்கக் கலிங்கின் குறுக்கே வலை கட்டி, அதில் குப்பை சேர்ந்து, பாதி வழி அடைபட்டதாக வைத்துக்கொள்வோம். அதே நீர் வெளியேற இப்போது கிட்டத்தட்ட 78 சென்டிமீட்டர் உயரம் தேவை. கரையோ 60 சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய நீர் கரையின்மேல் வழியும். ஒரு மீன்வலை ஓர் அணையை உடைக்க முடியும் என்பது மிகைப்படுத்தல் அன்று.

சவுத் ஃபோர்க்: பொழுதுபோக்குக்காகத் திருத்திய அணை

மேலே கண்ட கணக்கு உண்மையிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்னும் இடத்தில், படகுக் கால்வாய்க்கு நீர் தருவதற்காக மாநில அரசு மண்ணணை ஒன்றைக் கட்டியது. 1853-இல் பணி முடிந்தது. அதன் உயரம் சுமார் 22 மீட்டர். ரயில் வந்தபின் கால்வாய் பயனற்றுப் போக, அணை தனியார் கைகளுக்கு மாறியது. இடையில் வந்த உரிமையாளர் ஒருவர், அணையின் அடியிலிருந்த இரும்பு வடிகுழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். அதாவது மதகு போயிற்று.

1879-இல் செல்வந்தர்கள் சேர்ந்து மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் ஒரு மன்றம் தொடங்கி அந்த அணையைத் திருத்தினர். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரு கார்னகியும் பின்னர் அதன் உறுப்பினர்களில் ஒருவர். குழாய்களை அவர்கள் மீண்டும் பொருத்தவில்லை. குதிரை வண்டிகள் செல்ல வசதியாக அணையின் உச்சியைத் தாழ்த்தி அகலமாக்கினர். ஏரியில் விட்ட மீன்கள் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பி வலைத் தடுப்புகளை அமைத்தனர். கீழே ஜான்ஸ்டவுன் நகரில் இருந்த இரும்பு ஆலையின் தலைவர் 1880-இல் தம் பொறியாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். வடிகுழாய் இல்லாதது பெருங்குறை என்று அப்பொறியாளர் எழுதினார். மன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை.

1889-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், விடிய விடியப் பெய்த மழையில் ஏரி கரைமட்டத்திற்கு உயர்ந்தது. ஆட்கள் அவசரமாகப் புதிய வாய்க்கால் வெட்டினர். கரையை உயர்த்தப் பார்த்தனர். அடைபட்ட வலைகளை அகற்றவும் முயன்றனர். காலம் கடந்துவிட்டது. பிற்பகலில் அணை உடைந்தது. 20 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஜான்ஸ்டவுனை ஒரு மணி நேரத்திற்குள் வெள்ளம் அடைந்தது. 2,209 பேர் மாண்டனர். மன்றத்திடமிருந்து நீதிமன்றம் வழியாக அம்மக்களுக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த நிகழ்வில் என் கவனத்தை ஈர்ப்பது ஒன்று. மன்றத்தார் செய்த மாற்றம் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகவே தோன்றும். வண்டி செல்ல வழி வேண்டும். மீன் தப்பக் கூடாது. பொழுதுபோக்குக்கு ஏரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைச் சமாளிக்கவோ அதில் சற்று இடம் காலியாக இருக்க வேண்டும். இரண்டும் மோதும்போது, நாள்தோறும் கண்ணில் படும் தேவையே வெல்கிறது. என்றோ வரும் வெள்ளம் மறந்துபோகிறது.

இது பழங்கதையும் அன்று. ஹவாயின் கவாய் தீவில், கரும்புத் தோட்டத்திற்காக 1890-களை ஒட்டிக் கட்டப்பட்டுப் பின்னர் தனியார் நிலத்தில் இருந்த கா லோகோ அணை 2006-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் உடைந்து எழுவர் மாண்டனர். அங்கும் விசாரணையின் முக்கியக் கேள்வி, கலிங்கு மண்ணால் மூடப்பட்டதா என்பதே.

கரைக்குள் நடக்கும் அரிப்பு

நீர் கரைமேல் வழிவது ஒரு காரணம் என்றால், கரைக்குள்ளேயே வழி தேடுவது மற்றொரு காரணம். எந்த மண்கரையிலும் சிறிது நீர் ஊறத்தான் செய்யும். ஊறும் நீர் மண் துகள்களையும் இழுத்து வரத் தொடங்கினால், கண்ணுக்குத் தெரியாத குழாய் ஒன்று கரைக்குள் உருவாகும். மரவேர் மக்கிய துளை, எலி வளை, சரியாக இறுக்கப்படாத வடிகுழாயின் ஓரம் ஆகியவை இதற்குத் தொடக்கமாக அமையும். நிழலுக்காகக் கரைமேல் மரம் நடுவது இதனால்தான் தவறு.

படிப்பு தொடர்பாக ஒருமுறை தனியார் மீன்குளம் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். அங்குக் காவல் வேலை பார்த்த பெரியவர் தோட்டத்தில் வளர்ந்தவர். கரையின் அடியில் ஈரம் கசிவதைக் காட்டி, ஆபத்தில்லையா என்று கேட்டேன்.

"தம்பி, கசியறது பெரிசு இல்ல. கலங்கலா கசிஞ்சாத்தான் பயப்படணும்," என்றார்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க, ஐயா?"

"போத்தல்ல பிடிச்சு வெச்சிருவேன். மறுநாளு அடியில மண்ணு தங்கியிருந்தா முதலாளிக்குச் சொல்லிருவேன்."

மண் இயந்திரவியலின் தந்தை எனப்படும் டெர்சாகியின் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. நீர் வெளியேறலாம், மண் வெளியேறக் கூடாது. அதற்காகவே கரையின் வெளிப்பக்க அடியில் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி அமைக்கிறார்கள். கலங்கல் நீர் ஊற்றெடுக்கும்போது அதன் வாயில் களிமண்ணை அடைப்பது பலருக்கும் தோன்றும் வழி. அது தவறு. அடைத்த நீர் வேறு வழி தேடும். முதலில் மணல், அதன்மேல் சரளை எனப் போட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். கீழே உள்ளோரை உடனே எச்சரிக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

அனைத்துலகப் பேரணைகள் ஆணையத்தின் வரையறைப்படி, 15 மீட்டர் அல்லது அதற்குமேல் உயரமுள்ளது பேரணை. 5 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து 30 லட்சம் கன மீட்டருக்குமேல் நீர் தேக்கினாலும் அது பேரணையே. நம் எடுத்துக்காட்டு ஏரி இந்த வரையறைக்கு அருகில்கூட வராது. நம் நாட்டில் 2017-இல் அணைப் பாதுகாப்பு மேலாண்மைக்கான வழிகாட்டி வெளிவந்துள்ளது. சிலாங்கூரின் நீர்நிலைகளைக் கவனிக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நீர் நிர்வாக வாரியமும் உள்ளது. ஆயினும் தனியார் நிலத்தில், மரங்களுக்குப் பின்னால், மண்வாரி இயந்திரத்தால் ஒரு வாரத்தில் எழுப்பிய கரையை முதலில் அறிய வேண்டியவர் அதன் உரிமையாளரே.

சட்டமும் அவரையே நோக்குகிறது. 1860-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலை ஒன்றுக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து நீர் கசிந்து பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அந்த வழக்கில் 1868-இல் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பே புகழ்பெற்ற ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர். வெளியேறினால் தீங்கு விளைவிக்கும் பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், தம் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் தீங்கிற்குப் பொறுப்பாவார் என்பது அதன் சாரம். மலேசிய நீதிமன்றங்களும் இந்த விதியைப் பின்பற்றியுள்ளன. ஈயச் சுரங்க நிறுவனம் ஒன்றின் நீர்த்தேக்கக் கரை உடைந்து உயிர் பலியான வழக்கில், 1966-இல் அந்நிறுவனம் பொறுப்பாக்கப்பட்டது. ஆனால் சட்டம் பெரும்பாலும் உயிர் போனபின் பேசுகிறது. கரையோ, உடையுமுன் கவனிக்கப்பட வேண்டும்.

இதில் நம் முன்னோர் நமக்கு வழிகாட்டுகின்றனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமையுடன் குறிப்பிடும் கல்வெட்டுகள் இவையே. அந்தக் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஏரியைக் காப்பது ஊரின் பொறுப்பு. அதற்குப் பெயர் சொல்லி ஆள் உண்டு. ஏரியளவில் நீர்க்கட்டி எனப்படுபவர் மதகைத் திறந்து மூடினார். பழைய கலிங்குகளில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். மழைக்காலம் முடியும் வேளையில் அவற்றின் இடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்துச் சற்றுக் கூடுதலாக நீர் தேக்குவார்கள். வெள்ளம் வந்தால் அந்த அடைப்பை அகற்றிவிடுவார்கள். சவுத் ஃபோர்க்கிலும் கலிங்கை மறித்தார்கள், இங்கும் மறித்தார்கள். வேறுபாடு, எப்போது எடுக்க வேண்டும் என்று அறிந்த ஒருவர் இங்கே இருந்தார் என்பதுதான்.

நாம் கவனிக்க வேண்டியவை

வார இறுதியில் இப்படிப்பட்ட ஓர் ஏரிக்குச் செல்லும் மாணவர்கள் பின்வருவனவற்றைப் பார்க்கலாம். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

1. நீர் தோண்டிய பள்ளத்தில் நிற்கிறதா, எழுப்பிய கரைக்குப் பின் நிற்கிறதா?
2. மிகுந்த நீர் வழிய அகலமான, திறந்த கலிங்கு உண்டா? அதில் வலையோ, பலகையோ, குப்பையோ அடைத்துள்ளதா?
3. கரையின் உச்சி ஒரே மட்டமாக உள்ளதா? எங்கேனும் தாழ்ந்து அமுங்கியுள்ளதா?
4. கரையில் பெரிய மரங்கள், வளைகள், வெடிப்புகள், சரிவுகள் தெரிகின்றனவா?
5. கரையின் அடியில் கசியும் நீர் தெளிவாக உள்ளதா, கலங்கலாக உள்ளதா?
6. கரைக்குக் கீழே ஓடையோரம் கூடாரங்களோ வீடுகளோ உள்ளனவா?

கடும் மழை நேரத்தில் கரைக்குக் கீழ்ப்புறம் கூடாரம் போட வேண்டாம். கலங்கல் கசிவையோ கரைமேல் நீர் வழிவதையோ கண்டால், முதலில் பக்கவாட்டில் மேட்டுக்கு விலகுங்கள். ஓடை செல்லும் திசையில் ஓடாதீர்கள். பின்னர் 999 எண்ணுக்கு அழையுங்கள். குறை மட்டுமே கண்டால் நகராண்மைக் கழகத்திற்கும் நீர்ப்பாசன வடிகால் இலாகாவிற்கும் எழுதுங்கள்.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியதும் பெருஞ்செலவுள்ளது அன்று. தகுதி பெற்ற பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு கலிங்கின் அகலத்தைக் கணக்கிடச் செய்வது, பருவமழைக்கு முன் அதைத் துப்புரவு செய்வது, மதகு திறக்கிறதா என்று சோதிப்பது, கீழே வாழ்வோரின் தொலைபேசி எண்களைக் கைவசம் வைத்திருப்பது ஆகியவை போதிய தொடக்கமாகும்.

முடிவுரை

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழை, நம் வடிகால்கள் எதிர்பார்த்த அளவையெல்லாம் மீறியது. 2022 டிசம்பரில் பத்தாங்காலி அருகே கூடாரமிட்டுத் தங்கியிருந்தவர்களுள் 31 பேர் நிலச்சரிவில் உயிரிழந்தனர். அது அணையால் வந்ததன்று. எனினும் ஓய்வுக்காகச் செல்லும் இடத்தின் மேலே என்ன நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதை அது உணர்த்திற்று. ரவாங்கைச் சுற்றித் தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று வீடுகள் பெருகியுள்ளன. முன்பு கரை உடைந்தால் பால்மரத்தோட்டம் நனைந்திருக்கும். இன்று அதே ஓடையோரத்தில் பிள்ளைகள் உறங்குகின்றனர். கரை மாறவில்லை; அதன் கீழுள்ள வாழ்க்கை மாறிவிட்டது.

கரை, மதகு, கலிங்கு, வாரியம் ஆகிய சொற்களைப் பழம்பெருமைக்காக மட்டும் நாம் போற்ற வேண்டியதில்லை. கலிங்கு என்ற சொல்லை அறிந்த மாணவர் ஏரிக்கரைக்குச் சென்றால் அது எங்கே என்று தேடுவார். அது இல்லையென்றாலோ அடைபட்டிருந்தாலோ உரியவரிடம் கேட்பார். அப்படிக் கேட்பவர் ஒருவர் இருந்தாலும் கரைக்குக் கீழே வாழ்வோர்க்கு அது காவல்.